வால்வு மூடி

“மாசத்துல மூணாந்தரம் வாறன். வேல தெரியாட்டிச் சொல்லு, வேற ஆளப் பார்க்கிறன்,” என்று வேன்காரர் ஸலாஹுதீன் ஏசினார்.

மெக்கானிக் றிம்ஸான் வேனின் ஏ.சி. குழாய்க்குள் காற்றடைத்து, மூட்டுக்கு மூட்டு சவர்க்கார நுரை பூசிப் பார்த்தான். ஒரு குமிழிகூட எழவில்லை.

“எங்கயும் லீக் இல்ல நானா. வால்வு மூடிதான் எங்கயோ விழுந்திருக்கு. நாளைக்கு வாங்க, சும்மாவே ஏ.சி. கேஸ் அடிச்சுத் தாறன்.”

ஸலாஹுதீனின் மனைவி ஹஃபீலா கைப்பையை இறுக்கிக்கொண்டாள். றிம்ஸானின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

வெக்கை தாங்காமல் கண்ணாடிகளை இறக்கிவிட்டுப் புறப்பட்டார்கள். மாம்புரி வளைவில் மரக்கறி விற்றுக்கொண்டிருந்த அவளுடைய உடன்பிறந்த காக்கா, வேனைக் கண்டு எழுந்தார். காணித் தகராறில் மச்சான்மார் இருவரும் பேசி இரண்டு வருடம். கண்ணாடி ஏற்றியிருந்தால் ஸலாஹுதீன் கேட்காதவர்போலப் போய்விடுவார்.

“அஸ்ஸலாமு அலைக்கும், மச்சான்.”

காதில் விழுந்த ஸலாமுக்குப் பதில் சொல்லாவிட்டால் குற்றம்.

“வஅலைக்கும் ஸலாம்,” என்று ஸலாஹுதீன் முணுமுணுத்தார். இன்று வேனும் கொஞ்சம் மெதுவாகியது.

ஹஃபீலா கைப்பைக்குள் கிடந்த வால்வு மூடியைத் தடவினாள்.

‘யா அல்லாஹ், அந்த மெக்கானிக் புள்ளைக்கு விழுந்த ஏச்செல்லாம் என்ட பாவம். இன்னும் ஒரேயொரு தரந்தான் கேஸைத் திறந்து விடுவன்.’