பாதி மாத்திரை

"பொய் சொல்றவங்களுக்கு நான் மருந்து எழுதறதில்லை. வேற டாக்டரைப் பாத்துக்குங்க."

டாக்டர் ஃபைலை மூடிவிட்டார். எதிரே லாரி டிரைவருக்கு முகமெல்லாம் வியர்வை. மூக்கு ஒழுகியது. கால் நிற்காமல் ஆடியது.

மூன்று வருஷத்துக்கு முன் விபத்தில் முதுகு போனது. அன்று தொட்ட வலி மாத்திரை இன்னும் அவரை விடவில்லை. அதை நிறுத்தினால்தான் கம்பெனி மறுபடி வண்டியைக் கொடுக்கும். அதற்காகத்தான் ஏழு மாசமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வந்தார் டாக்டர்.

"சத்தியமா வெளியில வாங்கி சாப்பிடல சார்."

"காலையில சொக்கி விழறீங்க. மத்தியானம் இப்படி நடுங்கறீங்க. நான் குறைச்சது துளியூண்டு, அதுக்கு இவ்வளவு வராது. என் காதுல பூ சுத்தாதீங்க!"

பாவம், மனுஷன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

கூட வந்திருந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜையில் கவிழ்த்தாள். அத்தனையும் பாதி மாத்திரைகள்.

"அவரைத் திட்டாதீங்க. நான்தான் செஞ்சேன். இந்த வேகத்துல போனா இன்னும் ஒரு வருஷம் ஆகுமேன்னு, வெட்டிப் பாதி பாதியா குடுத்தேன். அவர் கையில வாங்கினதைப் பாக்காம முழுங்கிடுவார்."

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ, இதை வெட்டவே கூடாதும்மா! பன்னிரண்டு மணி நேரம் மெதுவா கரையற மாத்திரை. வெட்டினா மொத்தமும் ஒரேயடியா உடம்புல இறங்கிடும். அதான் காலையில சொக்கல், மத்தியானம் நடுக்கம். உயிரே போயிருக்கும்!"

அவள் உடைந்து அழுதாள். "என் கையாலயே... யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கத்தியைத் தொட்டிருப்பேனா சார்?"

"சொல்லாம இருப்பேனா? எழுத்துல இருக்கு பாருங்க." டாக்டர் விறுவிறுவென்று ஃபைலைப் புரட்டினார்.

இருந்தது. 'மாத்திரையை உடைக்கக் கூடாதென்று வீட்டாரிடம் விளக்கப்பட்டது.' ஏழு மாசத்துக்கும் ஏழு டிக். ஏழு கையெழுத்து.

காலையில் வந்ததும், ஆளைப் பார்க்கும் முன்பே, எல்லா ஃபைலிலும் டாக்டர் மொத்தமாகப் போட்டுத் தள்ளுகிற டிக் அது. டாக்டர் ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வீட்டாருக்கு... விளக்கினதா இருக்கும்மா."

"எப்ப சார்?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "நான் இந்த ரூமுக்குள்ள வர்றதே இன்னிக்குத்தானே!"