மனிதக் கண் பார்த்தது

மனித குலத்தைப் பிரித்துவைத்திருந்த மொழிச் சுவர் ஒருவழியாக இடிந்து விழுந்தது. அதன் இடிபாடுகளைக் கவனிக்கும் அலுவலகம், நாமக்கல்லில் ஒரு கோழித்தீவனக் கடையின் மாடியில் இருந்தது. காதுக் கருவி ஆங்கிலப் பேச்சை ஐரோப்பிய மொழிகளில் மாற்றிச் சொல்லும். தவறென்று யாராவது புகார் செய்தால், அதை மனிதர்தான் பரிசீலிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த மனிதர் பொற்கொடி. அவளுக்கு அந்த மொழிகளில் ஒன்றுகூடத் தெரியாது. 'மொழிபெயர்ப்பு சரியே' என்ற பொத்தானை மட்டும் நன்றாகத் தெரியும்.

மதியம் லிஸ்பனிலிருந்து தம்பி சிவநேசன் அழைத்தான். அங்கே அவன் நர்ஸ்.

"அக்கா, சூப்பர்வைசர்கிட்ட 'ஐ யம் ஃபெட் அப்'னு சும்மா சலிச்சுக்கிட்டேன். கருவி அதை ராஜினாமான்னு சொல்லிருச்சு. அந்தம்மாவும் உடனே ஏத்துக்கிச்சு."

"அடப்பாவி! அப்ப விசா?"

"வேலை போனா அதுவும் போச்சு. நேத்தே புகார் குடுத்துட்டேன். மனுசங்கதான் பாப்பாங்களாம், அதான் ஒரு தைரியம். உங்க ஆபீஸ்ல போர்த்துகீசு தெரிஞ்சவங்க இருந்தா சொல்லி வையிக்கா."

"சொல்றேன்டா" என்றாள்.

நேற்று வந்த போர்த்துகீசுப் புகார்கள் முப்பத்தொன்று. காலை டீ வருவதற்குள் அத்தனையையும் அவள் தள்ளுபடி செய்திருந்தாள்.