நாற்காலியில் யாரோ

சமூகக்கூடத்துப் புகைப்பட வகுப்பின் கண்காட்சிக்கு, இறந்துபோன கணவரின் காலி நாற்காலியைத்தான் படமெடுத்துத் தர வேண்டுமென்று மரகதவல்லிக்குப் பிடிவாதம். ஆனால் வகுப்பில் கொடுத்த ஏ.ஐ. கேமராவுக்கு வெற்றிடம் ஆகாது. எடுக்கும்போதெல்லாம் அதுவே படத்தில் புதிதாக ஓர் அழகான மீசைக்காரரை நாற்காலியில் உட்கார வைத்தது.

"யாருக்கா இது? நேத்து வேற மாமால்ல இருந்தாரு?" என்று உடன் படிக்கும் ஷகிலா கண்ணடித்தாள்.

"போடி! எங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா இவனுங்களுக்கும் டீ போடச் சொல்லியிருப்பாரு."

அன்று மாலை அவள் அலமாரியிலிருந்து அவருடைய துண்டை எடுத்தாள். பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாக அவர் இடம்பிடிப்பாரே, அதேபோல நாற்காலியில் வீசிவிட்டுப் படமெடுத்தாள். கேமரா யாரையும் உட்கார வைக்கவில்லை.

கண்காட்சியில் ஷகிலா, "மீசைக்காரரை எங்கக்கா காணோம்?" என்றாள்.

"உங்க மாமா துண்டு கெடக்குதுல்ல? தைரியமிருந்தா எவனையாவது வந்து உக்காரச் சொல்லு."