துவக்கில்லாத கப்பல்

“துவக்கு ஒண்டும் வேண்டாமே?”

“வேண்டாம்.”

“விண்வெளிக்குப் போற கப்பல். வழியில கொள்ளைக்காரர் வருவினம்.”

“வந்தால் விலகிப் போவம். வேலைக்குப் போற கப்பலுக்கு என்னத்துக்குத் துவக்கு?” என்றான் நிருஷன்.

லக்சிகா சிரிப்பை அடக்கிக்கொண்டு திரையில் துவக்குகளும் பீரங்கிகளும் இருந்த பக்கத்தை மூடினாள்.

சண்டை நின்று இரண்டாம் வருடம். கிளிநொச்சியில், பிரதான வீதியோரக் கணினிக் கடையொன்றில் இப்படித்தான் பெண் பார்த்தல் நடந்துகொண்டிருந்தது. ஒட்டுசுட்டானிலிருந்து காலை பஸ்ஸில் வந்த லக்சிகாவின் தாய் விமலேஸ்வரி, மகள் இங்கே தங்கி வேலை செய்யும் கடைக்கே மாப்பிள்ளையை வரச் சொல்லியிருந்தார். “ரெண்டு பேரும் கதையுங்கோ. நான் சீலைக் கடைக்குப் போட்டு வாறன்” என்றுவிட்டுப் போய்விட்டார்.

இருவரும் ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புத்தளத்திலிருந்து திரும்பி வந்து இந்தக் கடையைப் போட்டிருந்த இன்சாப்தான் கடைசியில் பொறுக்கமாட்டாமல், “வாய் திறக்காட்டி கேமாவது விளையாடுங்கோ. பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மூச்சு முட்டுது” என்று இந்த விளையாட்டைப் போட்டுக்கொடுத்தான். முதலில் ஒரு கப்பலைத் தெரிந்தெடுத்து, அதற்கு வேண்டிய கருவிகளைப் பூட்ட வேண்டும். ‘மைனிங் ஷிப்’ என்று இருந்ததை நிருஷன் யோசிக்காமல் காட்டினான்.

தரகர் காட்டிய படத்தில் பார்த்தபோதே அவனுக்கு லக்சிகாவைப் பிடித்துவிட்டது. பயமெல்லாம் தாயை நினைத்துத்தான். சண்டை நின்ற முதல் மாதம் முரசுமோட்டைக் காணியைப் பார்க்கப் போன அவருடைய கணவர் யோகலிங்கம் மிதிவெடியில் கால் வைத்தார். அன்றிலிருந்து விமலேஸ்வரி சொல்வது ஒன்றுதான்: “பொழுதுபட முழுசா வீட்டுக்கு வாறவனுக்குத்தான் என்ர பிள்ளையைக் குடுப்பன்.” நிருஷனுக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் வேலை என்று தரகர் சொன்னார். ஒபிஸ் வேலையாக்கும் என்று விமலேஸ்வரி நினைத்துக்கொண்டார். நிருஷன் திருத்தவில்லை.

“இந்த எஞ்சின் பறக்கும். மற்றது ஆமை மாதிரி. எது?”

“ஆமைதான் நல்லது.”

அப்போது ஒருவர் அடையாள அட்டையைப் போட்டோக்கொப்பி எடுக்க வந்தார். லக்சிகா எழுந்து போய் மெசினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இன்சாப் நானா, இதை எங்க தட்டுறது?” என்றாள்.

“இவவை நம்பிக் கடை நடத்தினால் நாளைக்கே பூட்டவேண்டியதுதான்” என்றபடி இன்சாப் வந்து எடுத்துக்கொடுத்தான்.

அவள் வெட்கத்தோடு திரும்பி வந்து உட்கார்ந்தாள். “அடுத்தது?”

“தேடுற கருவி. ரெண்டு போடுங்கோ. முன்பக்கத்துக்குத் தடிச்ச தகடு.”

“பின்பக்கம்?”

“பின்னுக்கு நாங்கள் வந்த பாதைதானே. அது துப்பரவாக்கின பாதை. பயமில்லை.”

லக்சிகா அவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். “இனி ஒரு இடம்தான் மிச்சம். சாமான் அறை போடட்டே?”

“முதலுதவி அறை.”

“அப்ப எடுக்கிறதை எங்க ஏத்துறது?”

“ஏத்துறதோ? எடுத்ததை ஆராவது கப்பலுக்குள்ள வைப்பினமே? கிடந்த இடத்திலயே வெடிக்க வைக்கவேணும்.”

இன்சாப் விழுந்து விழுந்து சிரித்தான். “தம்பி, இது கல்லுத் தோண்டுற கப்பல். தங்கம், இரும்பு எடுக்கிறது. மைனிங் எண்டால் சுரங்கம் தோண்டுறது. நீங்கள் மைன் எண்டதும் மிதிவெடி எண்டு நினைச்சீங்களோ?”

லக்சிகா சிரிக்கவில்லை.

“பக்கத்து ஆளுக்கும் உங்களுக்கும் இடையில எவ்வளவு தூரம் விட்டு நிக்கிறனீங்கள்?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“இருபத்தைஞ்சு மீற்றர்.” சொல்லி முடித்த பிறகுதான் அகப்பட்டுக்கொண்டது தெரிந்தது.

“எங்க?”

“மாங்குளத்தில.” அவன் எழுந்துவிட்டான். “மிதிவெடி எடுக்கிறதுதான் என்ர வேலை. முதலே சொல்லியிருக்க வேணும். அம்மா வர முதல் நான் போறன்.”

“இருங்கோ. அம்மாவுக்கு எல்லாத்தையும் ஒரு நாளைக்கு நான் சொல்லுறன். ஆனா இண்டைக்கில்லை.”

சீலைப் பையோடு விமலேஸ்வரி உள்ளே வந்தார். இருவருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, தம்பிக்கு என்ன வேலை எண்டு வடிவாக் கேட்டனியே?”

நிருஷன் வாயைத் திறந்தான். லக்சிகா முந்திக்கொண்டாள்.

“கேட்டனான் அம்மா. என்ர வேலை மாதிரியேதான். குனிஞ்ச தலை நிமிராமல் கவனமாச் செய்யவேணும், அவ்வளவுதான். எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு.”

விமலேஸ்வரி வரிசையாக இருந்த கணினிகளைப் பார்த்தார். முகம் தெளிந்தது. “அப்ப சரி தம்பி. எனக்கு அது காணும். ஆவணியில ஒரு நாள் பாப்பம்.”

தாயும் மகளும் பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். நிருஷன் சைக்கிளை எடுக்காமல் வாசலிலேயே நின்றான்.

“அண்ணை, நான் வாயை மூடிக்கொண்டிருந்திட்டன். எனக்காக அவா தாய்க்குப் பொய் சொல்ல வேண்டி வந்திட்டுது.”

இன்சாப் அவனை விசித்திரமாகப் பார்த்தான்.

“அவ எங்க பொய் சொன்னவ? தாய் வாற நாளில மட்டும்தான் லக்சிகா இந்தக் கடையில வந்து இருக்கிறது. மற்ற நாளெல்லாம் ஆனையிறவில மிதிவெடி எடுக்கிறா.”