குளோரியின் சந்தேகங்கள்

“சார், டெர்மினல்னு சொல்லுதது ஸ்கிரீன்ல தெரியுத அந்தக் கறுத்த பெட்டியையா?”

கடைசி வரிசையிலிருந்து குளோரி கேட்டதும் வகுப்பே சிரித்தது. ஜெனினுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

குளச்சல் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், கடல் உயிரியல் படிக்கிற முப்பது பேருக்கு இரண்டு நாள் பயிற்சி. மீன்வரத்தை அலசிப் பார்க்க ஜெனின் ஒரு மென்பொருள் எழுதியிருந்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துத் திருத்தவும் செய்யலாம். அதைச் சொல்லிக்கொடுக்கத்தான், களியக்காவிளைக்காரனான அவன் பெங்களூரு வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

குளோரி மாணவி இல்லை. அந்தத் துறையின் ஆய்வக உதவியாளர். நாற்பத்தைந்து வயதிருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவர் கை தூக்கினார்.

“ஓப்பன் சோர்ஸ்னா, ஆரு வேணா உள்ள கேறி எனக்க டேட்டாவ எடுத்துக்கிடலாமா சார்?”

“நான் இப்ப எந்த ஃபோல்டர்ல நிக்கேன்னு எப்படி சார் அறியது?”

ஒரு கட்டத்தில் ஜெனின் பொறுமை இழந்தான்.

“மேடம், இது எல்.கே.ஜி. இல்ல.”

மறுபடி சிரிப்பு. குளோரியும் சேர்ந்து சிரித்துக்கொண்டார்.

அன்றைக்கு முடிக்க நினைத்ததில் பாதிதான் முடிந்தது. கிளம்பும்போது துறைத்தலைவி சபிதாவிடம் சொன்னான்.

“நாளைக்கு அவங்க வேண்டாம் மேடம். ஒரு ஆளுக்காக முப்பது பேரு காத்துக் கிடக்காங்க.”

சபிதாவுக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் வந்த விருந்தாளியிடம் என்ன சொல்வது?

“சரி, சொல்லிடுதேன்,” என்றார்.

மறுநாள் குளோரி வரவில்லை. பாடம் தடங்கலில்லாமல் ஓடியது. “டவுட் இருக்கா?” என்று நாலைந்து முறை கேட்டான். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பதினொன்றரைக்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டான். அவனுக்குப் பரம திருப்தி.

“இப்ப நீங்களே செய்யுங்க. குளச்சல்ல அஞ்சு வருசமா வந்த சாளை மீன். மாசவாரியா ஒரு வரைபடம் போடணும்.”

அரை மணி நேரம் கழித்து ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தான். படம் நாலு திரையில்தான் இருந்தது. மற்ற இருபத்தாறிலும் ஒரே சிவப்பு வரி: ஃபைல் கிடைக்கவில்லை. காலையில் சொன்ன முதல் படியிலேயே அத்தனை பேரும் நின்றுபோயிருந்தார்கள்.

பிரிஜா என்ற ஆராய்ச்சி மாணவியின் திரையிலும் அதே வரிதான். மீன் ஏலம் போடுகிற இடத்தில் இரண்டு வருடம் நின்று கணக்கெடுத்தவள் அவள். இது கைவரவில்லை என்றால் அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது.

“காலையிலேயே கேட்டிருக்கலாமே?” என்றான் ஜெனின்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அக்கா இல்லல்லா சார்.”

“அவங்களுக்கே ஒண்ணும் தெரியாதே.”

“இந்த முப்பது கம்ப்யூட்டர்லயும் இத ஏத்தினதே குளோரியக்காதான் சார். லீவு நாள்ல இருந்து தானா படிச்சு ஏத்தினாங்க.”

ஜெனின் ஆய்வகத்துக்குப் போனான். குளோரி கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். சிவப்பு வரியைப் பற்றிச் சொன்னான்.

“டேட்டா டவுன்லோட்ஸ்ல கெடக்கும் சார். அதுக நிக்கது வேற ஃபோல்டர்ல,” என்றார் அவர், திரும்பாமலே.



“எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு நேத்து ஏன் அப்படிக் கேட்டீங்க?”

“அது எனக்க சந்தேகம் இல்ல சார். பக்கத்துல இருந்த பிள்ளைக மெதுவா எங்கிட்ட கேட்டது.”

“நீங்களே பதில் சொல்லியிருக்கலாமே.”

“நான் சொன்னா ரெண்டு பேருக்குத்தான் கேக்கும். முன்னால இருந்ததுகளுக்கும் அதே சந்தேகம்தான்.”

“அப்ப அவங்கள எழும்பிக் கேக்கச் சொல்லியிருக்கலாம்.”

குளோரி தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டு, இப்போதுதான் அவனைத் திரும்பிப் பார்த்தார்.

“அதுக கேட்டா நீங்க சிரிப்பிய சார். பொறவு சென்மத்துக்கும் கேக்காது. என்னப் பாத்து சிரிச்சா எனக்கு என்ன?”