வாசனை பார்த்தவள்

ராணித்தேனீ செத்த மூன்றாம் நாளே கூடு இரண்டுபட்டது. மேலடைக்காரர்கள் ஒருத்தியை ராணியாக்கி, துணைக்குக் குளவியை அழைத்துவந்தார்கள். கீழடைக்காரர்கள் விடுவார்களா? வேறொருத்தியை ராணியாக்கி, ஓணானைக் கூட்டிவந்தார்கள்.

வாசலுக்குக் காவல்காரி செம்பி. கூட்டின் வாசனை அடித்தால் உள்ளே விடுவாள், இல்லையென்றால் கொட்டுவாள். நாலே நாளில் எல்லார் மேலும் விருந்தாளிகளின் வாடை ஏறிவிட்டது. அவளுக்கும் அது பழகிப்போனது.

அன்று மகரந்தத்தோடு ஒருத்தி வந்திறங்கினாள். செம்பி முகர்ந்தாள். வேற்று வாசனை! பாய்ந்து கொட்டினாள்.

"அக்கா, நான் பூவாயி! ராணி செத்த அன்னிக்குப் போனவ, மழையில மாட்டிக்கிட்டேன்…"

செம்பி மறுபடி முகர்ந்தாள். பழைய ராணியின் வாசனை.

"நல்ல காவல்!" என்று உள்ளேயிருந்து குளவியும் ஓணானும் ஒரே குரலில் மெச்சின.