கோப்பெங் அணியின் தரம்

மேசையின் தலைப்பக்கம் கல்லூரி முதல்வர் மயில்வாகனம், அவருக்கு வலப்புறம் கணினியோடு செயலாளர் விமலா, கதவோரம் காற்பந்துப் பயிற்சியாளர் சீனி. ஈப்போவின் அந்த அறையில் ஏர்கோன் ஓடியும் சீனிக்கு வேர்த்துக் கொட்டியது.

“சார், கோப்பெங் காலேஜோட ஒரே லீக்ல ஆடினா நாம தொலைஞ்சோம் லா. போன வாரம் நட்பு ஆட்டத்துலயே அஞ்சு கோல். ஆறாவதைப் பாவம் பார்த்துதான் வெளிய அடிச்சானுங்க.”

“முதல் டிவிஷன்னா சும்மாவா, சீனி? இந்த வருஷம் தோத்தா உன் வேலை போயிடும், தெரியும்ல?”

“அதை நெனச்சாலே சோறு இறங்க மாட்டேங்குது, சார்.”

“பந்து பிள்ளைங்க காலுல, நடுக்கம் அண்ணன் காலுல,” என்று சிரித்தாள் விமலா.

முதல்வர் முகத்தில் ஈயாடவில்லை. “இன்னைக்கே கடிதம் போயாகணும். அடிங்க, விமலா.”

அச்சான கடிதத்தைச் சீனி வாசித்தார்:

‘கோப்பெங் கல்லூரிக்கு, முதல் டிவிஷன் லீக்கில் சேரத் தாங்கள் அனுப்பிய விண்ணப்பம் கிடைத்தது. லீக்கை நடத்தும் நடப்புச் சாம்பியன் என்ற முறையில் தெரிவிக்கிறோம்: எங்களோடு மோதும் தரம் தங்கள் அணிக்கு இல்லை.’

அதன் பிறகுதான் சீனிக்கு மூச்சு வந்தது. உறையை நாக்கால் நனைத்து அழுத்தி ஒட்டினார். யாரையும் நம்பாமல் தானே தபால் நிலையத்துக்கு ஓடினார்.